நாரணாபுரத்தில் கட்டிய அம்பாசிடர்: ஒரு கணக்கு நோட்டு

என் நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கின்றன: 4,325, 1,662, 1,593, 2,464. அம்பாசிடர் காரின் நீளம், அகலம், உயரம், முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவிலுள்ள தூரம். எல்லாமே மில்லிமீட்டரில். கீழே கோடு போட்டு, ஒவ்வொன்றையும் 24ஆல் வகுத்து எழுதியிருக்கிறேன்: 180.2, 69.3, 66.4, 102.7. உள்ளங்கையையும் விரல்களையும் விரித்தால் அதன் மேல் நிற்கும் அளவு. அடுத்து வரும் 61 பக்கங்களும் இந்த நான்கு எண்களின் செலவுக் கணக்குதான்.

சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்தில் பிழைப்பு பெரும்பாலும் மூன்றே வகை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் அச்சகமும் அதைச் சுற்றிய வேலைகளும். எனக்கு மூன்றாவது வாய்த்தது. பெட்டி வெட்டும் டை கட்டுகிறேன். பிளைவுட்டில் கோடு அறுத்து, 23.8 மி.மீ. உயரமும் 0.71 மி.மீ. கனமும் உள்ள எஃகுப் பட்டையை வளைத்து, அந்தக் கோட்டில் இறக்குவது என் தொழில். அந்த டையின் மேல் அட்டை அழுந்தினால் ஒரே அழுத்தலில் மிட்டாய்ப் பெட்டியோ பட்டாசு கிப்ட் பாக்ஸோ விரிந்த வடிவில் வந்து விழும். அரை மில்லிமீட்டர் பிசகினால் பெட்டியின் மூடி மூடாது. கார் கட்டும்போது அந்த அரை மில்லிமீட்டருக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. 24ஆல் பெருக்கினால் 12 மி.மீ. அம்பாசிடரின் கதவிடுக்கில் 12 மி.மீ. பிளவு தெரிந்தால் அந்தக் காரை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

24 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 24. ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்கினால் 304.8ஐ 7ஆல் வகுத்து 43.5. விளையாட்டு ரயிலுக்கு வைத்திருந்த அளவு அது. ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கார் வேண்டும் என்று செய்யப்போய், 1:43 என்பது உலகம் முழுதும் சிறு கார்களின் அளவாக நிலைத்துவிட்டது. 3.5 மில்லிமீட்டராகச் சுருக்கினால் 87. ஆக, இந்த எண்களில் எதுவும் காருக்கென்று பிறந்ததில்லை. அடிக்கோலும் தண்டவாளமும் பெற்ற பிள்ளைகள்.

எங்கள் ஊர்க்காரன் சொல்லாமல் விட முடியாத ஓர் அளவு இன்னும் இருக்கிறது. லண்டனில் லெஸ்னி என்ற கம்பெனியில் இருந்த ஜேக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அவர் பித்தளையில் சாலை உருளை ஒன்றைச் செய்து, தீப்பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். 1953இல் 'மேட்ச்பாக்ஸ்' என்ற பெயரிலேயே சிறு கார்கள் விற்பனைக்கு வந்தன. எங்கள் வட்டாரத்தில் இருந்து கோடிக்கணக்கில் போகும் ஒரு பொருளின் பெயரை, உலகத்தின் மிகப் பிரபலமான பொம்மைக் கார்களில் ஒன்று சுமந்துகொண்டிருக்கிறது. அந்தப் பள்ளி விதியை அம்பாசிடர் தாண்டுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மேசைமேல் இருக்கும் தீப்பெட்டியின் அடிப்பெட்டிக்குள் நீளம் 48, அகலம் 33, உயரம் 10 மி.மீ. நீளத்தை மட்டும் பார்த்தால் 1:91 போதும். உயரம்தான் இடிக்கிறது. 1,593ஐ 10க்குள் அடக்க 1:160 வரை இறங்க வேண்டும். அப்போது கார் 27 மி.மீ. நீளம், 10.4 மி.மீ. அகலம். தொப்பி போட்டுக்கொண்டே ஏறி உட்காரலாம் என்று பெயர் வாங்கிய கூரை, தீப்பெட்டியில் பெரும்பகுதி இடத்தைக் காலியாக விடவைக்கிறது.

1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை, மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் இந்த வண்டி தயாரானது. 50 ஆண்டுக்கு மேல் வெளிவடிவம் பெரிதாக மாறாததால் ஒரு நன்மை. எந்தப் பட்டறையில் எந்த வருடத்து வண்டி நின்றாலும் அளவெடுக்கலாம். நான் அளந்தது சிவகாசியில் ஒரு மெக்கானிக் ஷெட்டின் ஓரம், நான்கு டயரும் இறங்கி நின்ற ஒன்றை. டேப், நூல், தூக்குக்குண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மொத்தம் 9 மணி நேரம். 143 அளவுகள் எடுத்தேன். ஷெட்டுக்கார அண்ணாச்சி முதல் வாரம் விலைக்குக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். இரண்டாவது வாரம் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது வாரம், "தம்பி, பின்கண்ணாடிக்கு மேல ஒரு வளைவு வருது பாருங்க, அத விட்டுட்டீங்க" என்று அவரே நூலைப் பிடித்துக்கொண்டார். அந்த வளைவு 143ஆவது அளவு.

இனி பொருள் கணக்கு.

அளவு 24இல் ஒரு பங்கானால் பரப்பு 576இல் ஒரு பங்கு. கன அளவும் எடையும் 13,824இல் ஒரு பங்கு. இந்த மூன்று எண்களையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளாதவர்கள் முதல் காரிலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். காரை 180 x 69 x 66 மி.மீ. பெட்டியாக எண்ணிக்கொண்டால் ஆறு பக்கமும் சேர்த்து 577 சதுர சென்டிமீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் இரண்டு அடுக்கு, அதாவது 1,154. எங்கள் ஊரில் சர்வசாதாரணமாகக் கிடக்கும் 20 x 30 அங்குலத் தாள் ஒன்றின் பரப்பு 3,871 சதுர சென்டிமீட்டர். மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். வளைவுக்கும் வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்து அரைத்தாள் என்று வைத்தேன். 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் டூப்ளக்ஸ் போர்டில் அரைத்தாளின் எடை 58 கிராம்.

அதன் விலை என்ன? 2021 அக்டோபரில் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் விலையேற்றம் கேட்டபோது தங்கள் மூலப்பொருள் விலைகளை வெளியே சொன்னார்கள். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425இலிருந்து 810 ரூபாய், மெழுகு 58இலிருந்து 80, மேல்பெட்டி அட்டை 36இலிருந்து 55, அடிப்பெட்டி அட்டை 32இலிருந்து 58. ஒரு தொழிலையே ஆட்டிவைத்த அந்த 55 ரூபாயை என் காருக்குப் போட்டால், 58 கிராம் அட்டைக்கு 3 ரூபாய் 19 காசு. நான் அதையும் கொடுக்கவில்லை. மிஷின் செட் ஆகும்வரை ஓடிக் கழியும் தாள்கள் அச்சகங்களில் எடைக்குப் போகும். நான் எடுத்ததில் ஒரு பக்கம் பூச்சட்டிப் படமும் மறுபக்கம் சாம்பல் நிறமும் இருந்தன. இன்றைக்கும் காரின் கூரையைத் தட்டி உள்ளே டார்ச் அடித்தால் பாதி பூச்சட்டி தெரியும்.

தரைத்தட்டுக்கு டூப்ளக்ஸ் தாங்காது. அதற்குப் போன வருடத்து தினசரி காலண்டரின் அட்டை. ஆடி 18 அன்று புது ஆல்பம் வெளியாகி மார்கழிக்குள் நாடெங்கும் போய்ச் சேரும் காலண்டர்கள், ஒரு வருடம் சுவரில் தொங்கிவிட்டு அட்டையாகத் திரும்பக் கிடைக்கின்றன. ஈரம் இறங்கி ஒரு வருடம் பதப்பட்ட அட்டை புது அட்டையைவிட வளையாமல் நிற்கிறது. 180 x 60 மி.மீ. துண்டு, 1.5 மி.மீ. கனம், எடை 10 கிராம்.

அட்டையின் கனத்தில்தான் பெரிய பிரச்சினை ஒளிந்திருக்கிறது. 300 ஜிஎஸ்எம் டூப்ளக்ஸ் ஏறத்தாழ 0.4 மி.மீ. அதை 24ஆல் பெருக்கினால் 9.6 மி.மீ. உண்மைக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. என் அம்பாசிடரோ கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனத் தகட்டில் செய்த பீரங்கி வண்டியாக நிற்கும். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் ஜன்னல் ஓரத்திலும் இது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பரிகாரம், கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு ஓரத்தையும் உட்புறமாக உப்புத்தாளில் சீவி மெலிதாக்குவது. ஒரு காரில் அப்படித் தெரியும் ஓரங்களின் நீளத்தை நூல் வைத்து அளந்தேன்: 2 மீட்டர் 14 சென்டிமீட்டர். சீவ 6 மணி நேரம் ஆனது. அட்டைக் காருக்கும் நல்ல அட்டைக் காருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த 6 மணி நேரத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

மீதிப் பாதி, வளைவுகள். அட்டை ஒரு திசையில் வளையும். இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளையாது. அம்பாசிடரிலோ நேர்க்கோடே கிடையாது. பானட் உருண்டை, மட்கார்டு உருண்டை, கூரையின் நான்கு மூலையும் உருண்டை. ரவிக்கைக்கு டாட் பிடிக்கும் டெய்லரிடம்தான் இதற்குப் பாடம் கற்க வேண்டும். துணியில் முக்கோணமாக மடித்துத் தைப்பதை, அட்டையில் முக்கோணமாக வெட்டி ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும். மட்கார்டு ஒன்றுக்கு 9 டாட், நான்குக்கு 36. கூரையின் மூலைக்கு 7 வீதம் 28. பானட்டுக்கு 11. மொத்தம் 75 டாட், 150 வெட்டு. ஒரு மட்கார்டில் 9 டாட்டுக்கு 18 ஓரம். ஒவ்வோர் ஓரத்திலும் 0.1 மி.மீ. கூடுதலாகச் சாய்ந்தால் கடைசியில் 1.8 மி.மீ., உண்மைக் காரில் 43 மி.மீ. என் முதல் மட்கார்டு அப்படித்தான் வாய் பிளந்தது. வெட்டும்போது ஒவ்வொரு தவறும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஒட்டும்போது எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. எட்டு மட்கார்டு வெட்டி நான்கைப் பயன்படுத்தினேன்.

வெட்டியது முனை முறிக்கும் சாதாரண கட்டர் கத்தியில். அந்தக் கத்தியைக் கண்டுபிடித்தவரும் அச்சுத் தொழிலாளிதான். ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டிக்கொண்டிருந்த ஒகாடா யோஷியோ, பிளேடின் முனை மட்டும் மழுங்கி மீதியெல்லாம் வீணாவதைப் பார்த்து, சாக்லேட் பாளம்போல் முறித்துக்கொள்ளும் பிளேடை 1956இல் செய்தார். என் பழக்கம், 12 டாட்டுக்கு ஒரு முனை முறிப்பது. முனையை மிச்சம் பிடிப்பவர் அட்டையைக் கிழிப்பார். ஒரு காருக்கு 3 பிளேடு, 30 ரூபாய்.

சக்கரக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அம்பாசிடரின் டயர் 5.90-15. வெளிவிட்டம் 24இல் ஒரு பங்காக 28 மி.மீ., ரிம் 16 மி.மீ., அகலம் 6 மி.மீ. இதை வெட்டி எடுப்பதைவிடச் சுற்றி எடுப்பது நல்லது. பட்டாசு ஆபீஸில் குழாய் சுற்றிப் பழகிய கைகள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. 28க்கும் 16க்கும் நடுவிலுள்ள வளையத்தின் பரப்பு சுமார் 415 சதுர மி.மீ. 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளின் கனம் 0.1 மி.மீ. வகுத்தால் ஒரு டயருக்கு 4 மீட்டர் 15 சென்டிமீட்டர் தாள் பட்டை. ஸ்டெப்னி சேர்த்து ஐந்துக்கு 20.75 மீட்டர். 20 x 30 அங்குலத் தாளில் நீளவாக்கில் 6 மி.மீ. அகலத்துக்கு 28 பட்டை வெட்டினால் போதும், தாளில் மூன்றில் ஒரு பங்கு. எடை ஐந்துக்கும் சேர்த்து 10 கிராம். இழுத்துச் சுற்றி, ஓரத்தில் பெவிகால் தடவி, காய்ந்தபின் உப்புத்தாளில் உருட்டினால் தரையில் சத்தமில்லாமல் ஓடும் டயர் கிடைக்கிறது. அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்.

இப்போது தராசு. உண்மை அம்பாசிடரின் எடையைச் சுமார் 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 13,824ஆல் வகுத்து 79.6 கிராம் வர வேண்டும். உடல் இரண்டு அடுக்கு 34.6, தரைத்தட்டு 10, சக்கரம் 10. கூட்டினால் 54.6. ஜன்னலுக்கு வெட்டிக் கழியும் எடையைப் பசையும் பெயிண்டும் ஈடுகட்டிவிடுகின்றன. 25 கிராம் குறைகிறது. அந்தக் குறை மின்விசிறி போட்டவுடனே தெரிந்தது. கார் மேசையில் தானாக நகர்ந்தது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். மூன்றைத் தரைத்தட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒட்டினேன். 23.1 கிராம் சேர்ந்து 77.7. அந்த நிமிடத்திலிருந்து கார் பொம்மையாக இல்லாமல் காராக நிற்க ஆரம்பித்தது. விரலால் தள்ளினால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் கிளம்புகிறது.

ரூபாய்க் கணக்கை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பெவிகால் 25, பெவிகுவிக் 20, பிளேடு 30, உப்புத்தாள் 4க்கு 60, ஜன்னலுக்கு ஒளி ஊடுருவும் ஷீட் 10, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் 5 புட்டிக்கு 150, ஸ்போக் 10. மொத்தம் 305 ரூபாய். நாணயம் 30 ரூபாயைச் செலவில் எழுதவில்லை. தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தின்னர் கலந்து ஸ்பிரே அடித்தால் வழவழப்பு நன்றாக வரும் என்பது எனக்கும் தெரியும். நான் அடிக்க மாட்டேன். எங்கள் வட்டாரத்தில் தின்னர் வாசனை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு விபத்துக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும் ஊர் இது. தூரிகையால் நீர்த்த வண்ணம் ஏழு பூச்சு, பூச்சுக்குப் பூச்சு உப்புத்தாள். மழையும் நமக்குச் சாதகம். விருதுநகர் மாவட்டத்தில் வருட மழை 800 மி.மீ.யைச் சற்றே தாண்டும். தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்குத் தோதான இந்த வறட்சி அட்டைக்கும் தோதானது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மட்டும் நான் புது அட்டையை வெட்டுவதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் காலையில் நேராக ஒட்டிய கூரை மாலையில் முதுகு வளைந்திருக்கும்.

அம்பாசிடரை முடித்த பிறகு லாரி கட்டினேன். அந்தக் கணக்கு தனி, ஏனென்றால் அதில் அம்மா வருகிறார்.

தீக்குச்சி 2 மி.மீ. சதுரம். 24ஆல் பெருக்கினால் 48 மி.மீ., ஏறக்குறைய இரண்டு அங்குலக் கட்டை. லாரி பாடி கட்டும் மரச்சட்டத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். 17 அடிக்கு 7 அடி தொட்டியின் தளம் 1:24இல் 216 x 89 மி.மீ. குச்சியை நெருக்கி அடுக்கினால் 108 வரிசை. ஒவ்வொன்றும் 89 மி.மீ. என்றால் மொத்த நீளம் 9,612 மி.மீ. ஒரு குச்சியில் 40 மி.மீ. எடுக்கலாம். 240 குச்சி வேண்டும், வெட்டுச் சேதம் தனி. பெட்டி ஒரு ரூபாய்க்கு விற்று, அதில் 36 குச்சி இருந்த காலத்தில் இதற்கு 7 பெட்டி, 7 ரூபாய். 14 வருடத்துக்குப் பிறகு 2021 டிசம்பர் 1 முதல் பெட்டி 2 ரூபாய் ஆனது, குச்சியும் 50 ஆனது. இப்போது 5 பெட்டி, 10 ரூபாய். விலை இரட்டிப்பு என்று எல்லோரும் பேசினார்கள். குச்சிக் கணக்கில் 2.78 காசிலிருந்து 4 காசு, 44 சதவீதம்தான். ஒரு தொழிலின் மேல் விழும் பேச்சையும் உண்மையையும் பிரித்துப் பார்க்க இந்த வகுத்தல் எனக்கு உதவியது.

ஆனால் பெட்டி வாங்கிக் குச்சியை எடுக்காதீர்கள். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அதைக் கத்தியால் நறுக்குவதும் உரசுவதும் விளையாட்டில்லை. நறுக்கிய தலைகள் ஒரு டப்பாவில் சேரும், சேர்ந்த டப்பா ஒரு நாள் பற்றும். மருந்து முக்காத வெறுங்குச்சி எங்கள் ஊரில் கைநிறையக் கிடைக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ஐஸ்கிரீம் குச்சியையோ மூங்கில் குச்சியையோ சீவிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் இதை முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

நான் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். 40 நிமிடத்தில் 31 வரிசை. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்பா, ஒன்னொன்னா எடுத்தா எப்ப முடியும்? கொத்தா அள்ளித் தட்டு" என்று சொல்லிவிட்டு, மீதிக் குச்சியை இரு கையாலும் அள்ளி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, பெருவிரலால் நீவினார். வளைந்த குச்சியும் சிம்பு தெறித்த குச்சியும் தனியாக விலகி விழுந்தன. நல்லது மட்டும் தென்னங்கீற்றுபோல் விரிந்து நின்றது. மீதி 77 வரிசையை அடுக்க அவருக்கு 6 நிமிடம் ஆனது.

எங்கே கற்றது என்று நான் கேட்கவில்லை. சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கியவர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நலநிதியில் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அம்மாவின் பருவம் அதற்கெல்லாம் முன்னாலேயே முடிந்துவிட்டது. என் நோட்டில் அந்த 6 நிமிடத்தைத் தனி வரியாக எழுதி, பக்கத்தில் கூலி என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்த வேகத்துக்கான விலையை அவர் முன்பே கொடுத்துவிட்டார்.

நேரக் கணக்கு: அம்பாசிடருக்கு அளவெடுக்க 9 மணி, வரைய 31, வெட்ட 22, வளைத்து ஒட்ட 27, உப்புத்தாளும் வண்ணமும் 19. மொத்தம் 108 மணி நேரம். வாரத்துக்கு நாலரை மணி வீதம் 24 வாரம். 305 ரூபாயை 108ஆல் வகுத்தால் மணிக்கு 2 ரூபாய் 82 காசு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். 8 மணி நேர நாளாகக் கணக்கிட்டால் என் 108 மணி 13.5 நாள், 4,536 ரூபாய். வீட்டில் இதைச் சொல்லிக் காட்டுவார்கள். என் பதிலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 108இல் 40 மணி அளக்கவும் வரையவும் போனது. அந்த 40 மணியில் கற்றதை மறுநாள் பட்டறையில் டை வரையும்போது கை தானாகச் செய்கிறது.

கடையில் கிட் வாங்கிக் கட்டலாமே என்று கேட்பவர்களுக்கு வரிக் கணக்கு. பொம்மைகளும் சிறிய மாதிரிகளும் சுங்கத்தில் ஒரே தலைப்பின் கீழ், 9503இல் வருகின்றன. 2020 பிப்ரவரியில் இந்தத் தலைப்பின் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. துறைமுகத்தில் வந்து இறங்கும்போது 2,000 ரூபாய் மதிப்புள்ள கிட் என்று வைத்துக்கொள்வோம். மேல்வரிகளைச் சேர்க்காமலே, பழைய 20 சதவீதத்தில் 2,400, அதன்மேல் 12 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 2,688. 70 சதவீதத்தில் 3,400, ஜிஎஸ்டியோடு 3,808. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியதால் 3,570. கடைக்காரரின் லாபம் இதற்கு மேல். மலிவான வெளிநாட்டுப் பொம்மைகளிலிருந்து உள்ளூர்த் தயாரிப்பாளர்களைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உள்ளே அடைபட்டவர்களில், உள்ளூரில் யாரும் தயாரிக்காத கிட்டுக்காகக் காசு சேர்க்கும் பதினைந்து வயதுப் பையனும் இருக்கிறான்.

கிட்டின் விலையில் எது அதிகம் என்பதற்கு ஜப்பானில் ஒரு பதில் இருக்கிறது. ஷிசுவோகா நகரத்து தமியா கம்பெனி, 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கியது. 1951இல் தீ விபத்தில் மரக்கிடங்கு எரிந்தது. மீந்த வலுவில் மர மாதிரிகளுக்கு மாறி, 1960இல் முதல் பிளாஸ்டிக் மாதிரியைக் கொண்டுவந்தது. 1976இல் வெளியான 1:12 போர்ஷே 934க்காக, அவர்கள் ஓர் உண்மையான போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப்போட்டு அளந்தார்கள். பிளாஸ்டிக்குக்கு ஆன செலவைவிட அளவுக்கு ஆன செலவு பெரிது. என் நோட்டும் அதையேதான் சொல்கிறது. அட்டைக்கு 3 ரூபாய் 19 காசு, அளவுக்கு 40 மணி நேரம்.

ஒருவர் அளந்ததை ஆயிரம் பேருக்குக் கொடுக்கும் வழிதான் அச்சு. போலந்தில் 'மாவி மொடெலாஷ்' என்ற பத்திரிகை 1957 முதல் இதையே செய்தது. பிளாஸ்டிக் கிட் எளிதில் கிடைக்காத நாட்டில், வெட்டி ஒட்டும் கப்பலையும் விமானத்தையும் அட்டைத்தாளில் அச்சடித்து விற்றது. அந்த நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையாகக் கத்தரிக்கோலோடு வளர்ந்தார்கள். சிவகாசியில் ஆப்செட் மிஷின் இருக்கிறது, டை இருக்கிறது, மடிப்புக்கோடு போடத் தெரிந்த ஆள் இருக்கிறார். 15 x 20 அங்குல அரைத்தாளில் ஒரு முழு அம்பாசிடர் அடங்கும் என்று மேலே கணக்குப் போட்டாயிற்று. 20 x 30 தாள் 500 கொண்ட ஒரு ரீமில் 1,000 கார். அட்டையின் எடை 58 கிலோ, 55 ரூபாய் வீதம் 3,190 ரூபாய். மிஷின் ஓட்டும் கூலியும் பிளேட்டும் தனி. சீசன் முடிந்து மிஷின்கள் மூச்சு வாங்கும் தை, மாசியில் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த முதலாளிகள் இரண்டு பேரிடம் தாளை விரித்துக் காட்டியிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நோட்டின் 63ஆம் பக்கத்தில் புது வண்டி தொடங்குகிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த நம் ஊர்க் கார். 3,886, 1,524, 1,321, 2,324. அவற்றை 24ஆல் வகுத்து 161.9, 63.5, 55.0, 96.8. ஆனால் இவை இங்கிலாந்தில் இரண்டு கதவோடு பிறந்த ட்ரையம்ப் ஹெரால்டின் அளவுகள். பின்னாளில் இங்கே வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்யப்பட்டது. அதன் பின்கதவின் அகலமும் நடுத்தூணின் சாய்வும் வண்டியின் பக்கத்தில் நின்று எடுக்க வேண்டியவை. திருத்தங்கல் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய ஒன்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். டேப், நூல், தூக்குக்குண்டு மூன்றையும் பையில் போட்டுவிட்டேன். நூல் பிடிக்க இந்த முறை அம்மாவும் வருகிறார்.